பந்து ஒட்டினால் போதுமா?

கடைக்காரர் பந்தை ரப்பரில் அழுத்தி மட்டையைத் தலைகீழாகத் திருப்புவார். பந்து விழாமல் சில நொடி தொங்கும். "பாருங்க சார், எப்படிப் பிடிக்குது! ஸ்பின் தாராளமா வரும்." பிள்ளை இப்போதுதான் டேபிள் டென்னிஸ் ஆடத் தொடங்கியிருந்தால் பெற்றோருக்கு அது போதும், பர்ஸ் திறந்துவிடும்.

அந்த வித்தை காட்டுவது ஒட்டும் தன்மையை மட்டும். ஸ்பின்னுக்கு வேண்டியது பிடிமானம். டிஎச்எஸ் ஹரிகேன் 3 போன்ற சீன ரப்பர்கள் ஒட்டும். பட்டர்ஃபிளை டெனர்ஜி பந்தைத் தூக்காது. ஆனாலும் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் அதில்தான் ஸ்பின் நிறைந்த லூப் அடித்தார்கள். மேல்தோல் வழுக்காமல் பற்ற, அடியில் ஸ்பாஞ்ச் அமுங்கி மீள, பந்து சுழல்கிறது. பந்தை லேசாக அழுத்தி ரப்பரின் மேல் இழுத்துப் பாருங்கள், சுலபமாக வழுக்கினால் பிடிமானம் குறைவு. ஒட்டும் ரப்பர்களில் ஸ்பாஞ்சும் பெரும்பாலும் கடினம். கையை வேகமாக வீசப் பழகாத பிள்ளை அடித்தால் பந்து வலையில்தான் விழும்.

ஒட்டல் குறைந்தால் சிலர் எண்ணெய், பூஸ்டர் என்று தடவச் சொல்வார்கள். தடவாதீர்கள். ரப்பரை எந்த ரசாயனத்தாலும் மாற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. ஆவியாகும் கரைப்பான் கலந்த ஸ்பீடு குளூவுக்கு, ஆட்டக்காரர்களின் உடல்நலம் கருதி, 2008 செப்டம்பரிலிருந்தே தடை. பசையோடு சேர்த்து ரப்பரின் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆட்டம் முடிந்தபின் நடக்கும் சோதனையில் சிக்கினால் வென்ற ஆட்டமும் போகலாம். ரப்பரில் தூசி படிந்தாலும் ஒட்டல் குறையும். ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி வைத்தாலே போதும்.

வாங்கும்போது ரப்பரின் அடிப்பகுதியில் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் (ஐடிடிஎஃப்) முத்திரையும் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். சம்மேளனத்தின் அங்கீகாரப் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இறக்குமதிச் சரக்கின் உறையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி கட்டாயம்.

போலி என்று தெரிந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். குறையுள்ள, போலியான, விளம்பரத்துக்கு மாறான பொருளை ஆன்லைன் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்க முடியாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமில்லை. இவ்வளவுக்கும் ஆதாரம் பில்தான். அதைக் கேட்டு வாங்குங்கள், ரப்பர் வந்த உறையையும் பத்திரமாக வையுங்கள்.