சிறு பணத்தொகைகளைத் தசமத்தில் எழுதுதல்

சிறு பணத்தொகைகளைத் தசமத்தில் எழுதுதல் என்பது, ரூபாய், டாலர் போன்ற முதன்மை அலகொன்றிலும் குறைவான தொகைகளைத் தசமப் புள்ளியும் நாணயக் குறியீடும் கொண்டு குறிக்கும் முறை ஆகும். ஐம்பது பைசாவை "₹0.50" என்றோ "50 பைசா" என்றோ எழுதலாம், இரண்டும் சரியானவையே. ஆனால் கடைப் பலகைகளிலும் விலைச்சீட்டுகளிலும் சில வேளைகளில் காணப்படும் "0.50 பைசா" என்பது பிழையாகும். அதன் நேர்ப்பொருள் அரைப் பைசா. இப்பிழையால் ஒரு தொகை நூறு மடங்கு மாறிவிடுகின்றது.

அடிப்படை

எந்த அளவும் எண், அலகு என்னும் இரு பகுதிகளைக் கொண்டது. தசமப் புள்ளிக்கு வலப்புறம் உள்ள இலக்கங்கள், உடன் எழுதப்பட்ட அலகின் பின்னத்தையே குறிக்கின்றன. "₹" என்னும் குறியீடு இருப்பின் அவை ரூபாயின் பகுதிகள். "பைசா" என்னும் சொல் இருப்பின் அவை பைசாவின் பகுதிகள். ரூபாயைப் பைசாவாக மாற்ற 100 ஆல் பெருக்க வேண்டும். பைசாவை ரூபாயாக மாற்ற 100 ஆல் வகுக்க வேண்டும்.

* ₹0.05 = 5 பைசா
* ₹0.5 = ₹0.50 = 50 பைசா
* 0.5 பைசா = ₹0.005

பொதுவான பிழைகள்

* இரு அலகுகளைக் கலத்தல்: "₹0.50 பைசா" என எழுதும்போது எண் எந்த அலகுக்கு உரியது என்பது தெளிவற்றுப் போகின்றது.
* புள்ளியை வெறும் பிரிப்புக் குறியாகக் கொள்ளுதல்: ₹1.5 என்பதை "ஒரு ரூபாய் ஐந்து பைசா" என மாணவர் சிலர் படிப்பதுண்டு. அது ஒரு ரூபாய் ஐம்பது பைசா ஆகும். ஒரு ரூபாய் ஐந்து பைசாவை ₹1.05 என எழுத வேண்டும்.
* முன்னுள்ள சுழியத்தை விடுதல்: "₹.50" என எழுதினால், புள்ளி மங்கும்போது அது ஐம்பது ரூபாயாகத் தோன்றும்.

வரலாற்றுப் பின்னணி

இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 ஆம் நாள் தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் ஒரு ரூபாய்க்கு 16 அணாக்களும், ஓர் அணாவுக்கு 12 பைகளும் இருந்தன. அக்காலத்தில் "ரூ. 1-4-6" என்பது ஒரு ரூபாய், நான்கு அணா, ஆறு பை எனப் பொருள்பட்டது. இங்கு சிறுகோடு வெவ்வேறு அலகுகளைப் பிரிக்கும் குறி மட்டுமே. இத்தொகை தசம முறையில் ஏறத்தாழ ₹1.28 ஆகும், ₹1.46 அன்று. தசமப் புள்ளியையும் அக்கோடு போன்றே கருதுவதுதான் ₹1.5 போன்றவற்றைத் தவறாகப் படிப்பதற்கு வழிவகுக்கின்றது.

ஐக்கிய இராச்சியம் 1971 பெப்ரவரி 15 ஆம் நாள் தசம முறைக்கு மாறியது. அங்கு ஐம்பது பென்சை "£0.50" அல்லது "50பெ" என எழுதுவதே முறை, இரு குறிகளையும் சேர்த்து எழுதுவது பிழை. அமெரிக்காவில் சென்ட்டுக்கு "¢" என்னும் தனிக்குறியீடு உண்டு. தட்டச்சுப் பொறிகளில் இருந்த இக்குறியீடு, 1963 இல் வெளிவந்த ஆஸ்கி கணினிக் குறிமுறையில் இடம்பெறவில்லை, "$" இடம்பெற்றது. அந்நாட்டுக் கடைகளில் ".99¢" எனக் காணப்படும் விலையில் டாலருக்குரிய எண்ணும் சென்ட்டுக்குரிய குறியும் கலந்துள்ளன. அதன் நேர்ப்பொருள் ஒரு சென்ட்டுக்கும் குறைவு.

விளைவுகள்

2006 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்று, கனடாவில் இணையத்தைப் பயன்படுத்த ஒரு கிலோபைட்டுக்கு "0.002 சென்ட்" கட்டணம் என வாடிக்கையாளர் ஒருவருக்குத் தெரிவித்தது. அவர் 35,893 கிலோபைட் பயன்படுத்தினார். தெரிவித்த விலைப்படி கட்டணம் சுமார் 72 சென்ட். ஆனால் நிறுவனம் 0.002 டாலர் வீதம் கணக்கிட்டு 71.79 டாலர் கேட்டது. இரு அலகுகளுக்கும் வேறுபாடு உண்டு என்பதையே ஊழியர்கள் பலரால் உணர இயலவில்லை.

தமிழ்நாட்டில் கடன் வட்டியை "ரூபாய்க்கு 2 பைசா" எனக் கூறும் வழக்கம் உண்டு. இது மாதம் நூற்றுக்கு 2 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காடு. ₹10,000 கடனுக்கு மாத வட்டி ₹200 ஆகும். இதனையே "ரூபாய்க்கு 0.02 பைசா" என எழுதினால் மாத வட்டி ₹2 எனப் பொருள்படும்.

இக்காரணம் பற்றியே ஆவணங்களில் தொகை எழுத்தாலும் எழுதப்படுகின்றது. எண்ணாலும் எழுத்தாலும் குறித்த தொகைகள் மாறுபட்டால், எழுத்தால் குறித்த தொகையே கொள்ளப்படும் என 1881 ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு கூறுகின்றது.

பிற நாணயங்கள்

எல்லா நாணயங்களும் நூறாகப் பகுக்கப்படுவதில்லை. குவைத் தினார் 1000 ஃபில்ஸ்களாகப் பகுக்கப்படுவதால் அது மூன்று தசம இடங்களுடன் எழுதப்படுகின்றது, 0.500 தினார் என்பது 500 ஃபில்ஸ். சப்பானிய யென் தசம இடமின்றி எழுதப்படுகின்றது. இலங்கை ரூபாய் 100 சதங்களைக் கொண்டது; அங்கும் "0.50 சதம்" என்பது அரைச் சதத்தையே குறிக்கும்.

இன்றைய நிலை

இந்தியாவில் 25 பைசாவும் அதற்குக் குறைந்த மதிப்புள்ள நாணயங்களும் 2011 சூன் 30 உடன் செல்லாதவையாயின. எனினும் எரிபொருள், மின்சாரம் ஆகியவற்றின் விலைக் கணக்கில் பைசா தொடர்கின்றது. மென்பொருள்களில் தொகையைத் தசமமாகச் சேமிக்காமல் பைசாக்களின் முழுவெண்ணாகச் சேமிப்பதும் வழக்கம். அங்கு 50000 என்பது ₹500 ஆகும். அலகை மறந்து எழுதப்படும் நிரல் அதனை ஐம்பதாயிரம் ரூபாயாகக் காட்டிவிடும்.

பரிந்துரைக்கப்படும் முறை

ஒரு தொகைக்கு ஓர் அலகை மட்டும் பயன்படுத்துக. ரூபாயில் எழுதும்போது புள்ளிக்கு முன் சுழியமும், பின் இரண்டு இலக்கங்களும் இடுக: ₹0.05, ₹0.50. பைசாவில் எழுதும்போது, பைசாவின் பின்னம் உண்மையாகவே தேவைப்பட்டாலன்றி, புள்ளியைத் தவிர்க்க: 5 பைசா, 50 பைசா.