ஜல்லியில் ஒட்டிய கேரி பேக்!

பிளாஸ்டிக் கழிவு சேர்த்துப் போட்ட ரோட்டில் நம்மில் பலர் போயிருப்போம்; அதற்கான கலவை தயாராகும் ஹாட் மிக்ஸ் பிளான்ட்டை எட்டிப் பார்த்ததுண்டா? முதல் ஆச்சரியமே சேர்க்கும் வரிசைதான்! பிளாஸ்டிக்கை உருக்கித் தாரில் கலப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லவே இல்லை. அது போய் ஒட்டுவது ஜல்லியில்!

மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறை இது. தாரில் நேராகப் போட்டால் பிளாஸ்டிக் கொஞ்சத்துக்கு மேல் சேராது, பிரிந்து நிற்கும். ஆனால் சுமார் 170 டிகிரி சூட்டில் புரளும் ஜல்லிமேல், 2 முதல் 4 மில்லிமீட்டருக்கு நறுக்கிய துணுக்குகளைத் தூவினால்? ஒரு நிமிடத்துக்குள் அத்தனையும் காணோம்! ஆறிய கல் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: பாகில் புரட்டிய கடலை மாதிரி பளபளக்கும். நுண்துளைகளெல்லாம் அடைபட்டிருக்கும். அப்புறம்தான் தார் ஊற்றுகிறார்கள்.

ஆய்வகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்ச் சோதனை. தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம் ஊறப்போட்டு, எங்காவது கல் வெளுத்துத் தெரிகிறதா என்று உற்றுப் பார்ப்பார்கள். மழையில் ரோடு பெயர்வதே அப்படித்தான்: கல்லுக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் புகுந்துவிடும். பிளாஸ்டிக் பூசிய கல்லிலோ தார் விடாப்பிடியாக நிற்கிறது!

சரி, நச்சுப்புகை? இங்கேதான் விஷயமே இருக்கிறது. 170 டிகிரியில் பாலித்தீன் உருகுகிறது, அவ்வளவுதான். அது சிதைந்து வாயு கிளம்ப சுமார் 270 டிகிரி வேண்டும். அந்த 100 டிகிரி இடைவெளியில்தான் மொத்தக் கண்டுபிடிப்பும் நிற்கிறது! பிவிசி மட்டும் உள்ளே வரவே கூடாது; சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு கக்கும். அதனால் பிளான்ட்டில் சூட்டைக் கண்காணிப்பவரும் குப்பையைத் தரம் பிரிப்பவரும்தான் என் கண்ணுக்கு நாயகர்கள்.

2002இல் கல்லூரி வளாகத்துக்குள் போட்ட ரோட்டில் தொடங்கியது இது. 2006இல் காப்புரிமை, 2013இல் இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டி நெறிமுறை, 2018இல் வாசுதேவனுக்கு பத்மஸ்ரீ. ஒற்றைத் தட ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகிறது.

இப்போது ஆராய்ச்சியாளர்களைப் பிடித்து உலுக்கும் கேள்வி வேறு: டயர் தேய்க்கத் தேய்க்க இந்தப் பூச்சு நுண்பிளாஸ்டிக்காக மழைத்தண்ணீரில் இறங்குமா? அளந்தே ஆக வேண்டும். 20 வருடம் வெயிலும் மழையும் வண்டியும் பார்த்த ரோடுகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. இதைவிட நல்ல சாம்பிள் வேறு எங்கே கிடைக்கும்!