சம்பளத்துக்கு மட்டும் விடுமுறை
கோடையில் தலைநகரில் மாணவர்களுக்கு வேலை உண்டு. கூலி கிடைப்பதுதான் கஷ்டம்

தேர்வு முடிந்த பிறகும் தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்தை ஒட்டிய பட்டேல் செஸ்ட் பகுதி ஜெராக்ஸ் கடைகளுக்கு ஓய்வில்லை. அதுவரை பாடக் குறிப்புகளைப் பிரதி எடுத்துத் தள்ளிய இயந்திரங்கள் இப்போது பயோடேட்டாக்களைக் கக்குகின்றன. பாட்னாவிலிருந்தும் கோரக்பூரிலிருந்தும் இம்பாலிலிருந்தும் வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு ஊருக்குப் போகவும் மனமில்லை. கமலா நகரில் எடுத்த பேயிங் கெஸ்ட் அறையை விட்டுவிட்டால் ஜூலையில் வேறு அறை தேடி அலைய வேண்டும். வீட்டுக்காரரோ காலியாகக் கிடக்கும் கட்டிலுக்கும் வாடகை கேட்பார். ஆக, இரண்டு மாதத்துக்கு ஒரு வேலை வேண்டும்.

வேலையில் இரண்டு ரகம். ஒன்று பணம் தரும். இன்னொன்று சான்றிதழ் தரும். இரண்டையும் சேர்த்துத் தருகிற இடம் அபூர்வம்.

சான்றிதழ் ரகத்துக்கு முன்மாதிரியே அரசுதான். நாட்டின் திட்டங்களுக்கு யோசனை சொல்லும் நிதி ஆயோக்கின் இன்டர்ன்ஷிப்பில் சேர, இளநிலை மாணவர் பிளஸ் டூவில் 85 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். குறைந்தது ஆறு வாரம் வேலை செய்ய வேண்டும். லேப்டாப்பையும் கையோடு கொண்டுவர வேண்டும். ஊதியம் கிடையாது. முழுக் காலத்தையும் முடிக்காவிட்டால் சான்றிதழும் கிடையாது. வெளியுறவு அமைச்சகம் கொஞ்சம் தாராளம். அதன் 2022ஆம் ஆண்டுக் கொள்கை மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியமும் தில்லி வந்துபோகும் செலவும் தர வகை செய்தது. ஆனால் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. விண்ணப்பிப்பதோ நாடு முழுவதும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இன்டர்ன்ஷிப் இப்போது விருப்பப் பாடமல்ல. இளநிலைப் படிப்புகளுக்காக பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட வரைமுறை அதை மதிப்பெண் கணக்கிலேயே சேர்த்துவிட்டது. சட்ட மாணவர்களுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம் பயிற்சி முடித்தாக வேண்டும். அதனால்தான் மே, ஜூன் மாதங்களில் தீஸ் ஹசாரியிலும் பாட்டியாலா ஹவுஸிலும் வெள்ளைச் சட்டை இளைஞர்கள் கட்டுக்கட்டாக ஃபைல்களைச் சுமந்துகொண்டு சீனியர் பின்னால் ஓடுகிறார்கள். மதியச் சாப்பாடு வாங்கித் தரும் சீனியர் நல்லவர். ஆட்டோ காசும் கொடுப்பவர் மிக நல்லவர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருபவருக்கு உதவித்தொகை உறுதி. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் படிப்புக்கேற்ப அதை மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தன. தில்லியில் சாதாரணக் கூலித் தொழிலாளிக்கான குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் 18,456 ரூபாய் ஆனது. இன்டர்ன் இந்த இரண்டிலும் சேர்த்தியில்லை. அப்படி ஒரு பிரிவே கூலிச் சட்டங்களில் இல்லை. நிறுவனங்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஐந்தாண்டுகளில் ஒரு கோடிப் பேருக்குப் பெரிய நிறுவனங்களில் பயிற்சி என்ற முழக்கத்தோடு 2024 அக்டோபரில் பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடங்கியபோது கல்லூரி விடுதிகளில் பரபரப்பு. மாதம் 5,000 ரூபாய், அதோடு ஒருமுறை 6,000 ரூபாய் என்று அறிவிப்பு. நிபந்தனைகளைப் படித்ததும் சப்பென்றாகிவிட்டது. முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது.

எனவே பணம்தான் முக்கியம் என்பவர்கள் வேறு திசையில் போகிறார்கள். 1996 அக்டோபரில் வசந்த் விஹாரில் முதல் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்த பிறகு, சீருடை மாட்டிக்கொண்டு கவுன்டரில் நிற்பது மாணவர்களுக்கு கௌரவக் குறைவாகத் தோன்றுவது மெல்லக் குறைந்தது. இப்போது பைக்கும் லைசென்ஸும் இருந்தால் உணவு டெலிவரி. ஆனால் தில்லி வெயில் ஆர்டர் பார்த்து அடிப்பதில்லை. 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவானது 46.8 டிகிரி செல்சியஸ். டியூஷன் சொல்லிக் கொடுக்கலாம்தான். ஆனால் கோடையில் டியூஷன் பிள்ளைகளும் பாட்டி வீட்டுக்கோ சிம்லாவுக்கோ போய்விடுகிறார்கள்.

இதில் வேறொரு கூட்டமும் கடை விரித்திருக்கிறது. மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் வந்து விழும் அழைப்பு: வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, கை நிறையச் சம்பளம், முதலில் பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். கட்டியதும் அந்த எண் அணைந்துவிடும். வேலை கொடுப்பவன் வேலை கேட்பவனிடம் பணம் வசூலிக்கும்போதே விஷயம் புரிந்திருக்க வேண்டும். ஆனால் மாதக் கடைசியில், வாடகை தேதி நெருங்கும்போது, புத்தி அவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை.

கணக்குப் போட்டால் இலவச வேலை இலவசமும் அல்ல. 2025 ஆகஸ்டில் உயர்ந்த பிறகு மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 64 ரூபாய். பல்கலைக்கழக நிலையத்திலிருந்து குர்கானின் கடைசி நிலையத்துக்குப் போய்வர நாளொன்றுக்கு 128. மாதம் 25 நாளைக்கு 3,200. இதன் மேல் அறை வாடகை, சாப்பாடு. லஜ்பத் நகரில் அப்பா வீட்டில் இருக்கும் மாணவனுக்கு இது கைச்செலவு. கோரக்பூர் மாணவனின் வீட்டில் இந்தத் தொகைக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். அடுத்த ஆண்டு நேர்முகத் தேர்வில் இருவரின் பயோடேட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒன்றில் நல்ல பெயருள்ள நிறுவனம் தெரியும். இன்னொன்றில் அந்த இரண்டு மாதம் வெற்றிடமாக இருக்கும். பீட்சா கொண்டுபோய்க் கொடுத்ததை யாரும் அதில் எழுதுவதில்லை.