ரப்பர் ஷீட்டுக்கும் முகவரி கேட்கிறார்கள்!

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ஷீட் எடுக்கும் வியாபாரி, 'தோட்டம் எங்கே இருக்கிறது?' என்று கேட்டால் எரிச்சல்படாதீர்கள். காட்டை அழித்தால் மரத்திலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் காற்றில் கலக்கிறது. அதனால், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தின் ரப்பரையும், அதில் செய்த டயரையும் விற்கக் கூடாது என ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் இயற்றியது. டயர் கம்பெனி வியாபாரியைக் கேட்கும். வியாபாரி நம்மைக் கேட்பார்.

4 ஹெக்டேர் (சுமார் 10 ஏக்கர்) வரையுள்ள தோட்டத்துக்கு, செல்போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை என ஓர் இடக்குறி போதும். பட்டா, மரம் நட்ட ஆண்டு, விற்ற ரசீது மூன்றையும் ஒன்றாக வையுங்கள். பழைய ரப்பரை வெட்டி மறுநடவு செய்வது காடழிப்பு ஆகாது. அதற்கான ஆதாரம் முக்கியம்.

விவரம் கொடுக்கும்போது, 'விலையில் எங்களுக்கு என்ன கூடும்?' என்றும் கேளுங்கள். தனி ஆளாக அல்ல, ரப்பர் உற்பத்தியாளர் சங்கமாக!