மங்கிய ஒளியில் ஐஎஸ்ஓ: எவ்வளவு உயர்த்தலாம்?

வாரணாசி தசாசுவமேத படித்துறையின் மாலை ஆரத்தியைப் படமெடுப்போர் பலர், படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தோன்றும் என்று அஞ்சி, மிரர்லெஸ் கேமராவின் ஐஎஸ்ஓ அளவை 400-க்கு மேல் உயர்த்துவதில்லை. அந்த ஒளியில் ஷட்டர் 1/30 வினாடி திறந்திருக்க நேர்ந்தால், அதற்குள் தீபம் ஏந்திய கை நகர்ந்து உருவம் கலங்கிவிடும்.

கணக்கு எளியது. ஐஎஸ்ஓ இருமடங்கானால், அதே வெளிச்சத்திற்குத் தேவைப்படும் நேரம் பாதியாகும். 800, 1600, 3200 என மும்முறை இரட்டித்தால், 1/30 வினாடி ஏறத்தாழ 1/250 வினாடியாகக் குறையும். அசைவு உறைந்து நிற்கும்.

புள்ளிகளை மென்பொருளால் பின்னர்ப் பெருமளவு குறைக்கலாம். கலங்கிய முகத்தை மீட்பது அரிது. ஆகவே, லென்ஸின் துளையை இயன்றவரை அகலத் திறந்து, ஷட்டர் வேகத்தை முதலில் முடிவு செய்யுங்கள். 'ஆட்டோ ஐஎஸ்ஓ' வசதியில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/250 என்றும் உச்ச வரம்பை 6400 என்றும் குறித்துவிடுங்கள். கடன் வரம்பைப் போலவே, வரம்பு உயர்ந்திருந்தாலும் தேவையான அளவே எடுத்துக்கொள்ளப்படும்.

தீபச்சுடர் வெளிறுகிறதா என்பதை மின்னணு வியூஃபைண்டரில் முன்னரே கண்டு, எக்ஸ்போஷரைச் சற்றுக் குறையுங்கள். அசையாத படிக்கட்டுகளுக்கும் கட்டடங்களுக்கும் முக்காலியும் ஐஎஸ்ஓ 100-உம் போதும்.