வானத்துப் பூவைப் பிடிக்கும் காமிரா!

வானத்தில் பூக்கும் பூ ஒன்று உண்டு. அது பூத்து வாடுவதற்கு இரண்டு, மூன்று வினாடிதான் ஆகும்.

அதுதான் வாணவெடி!

அந்தப் பூவை வாடாமல் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும். ஒரு டிஜிட்டல் காமிராவும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

சாத்தூர் என்றதும் காராச்சேவு நினைவுக்கு வரும். அந்த ஊரைச் சுற்றிலும் பட்டாசு ஆலைகளும் நிறைய உண்டு. பக்கத்தில் இருக்கிறது சிவகாசி. மழை குறைந்த கரிசல் பூமி. மருந்து காய நல்ல வெயில்.

1923-ம் ஆண்டு வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் இருந்து கல்கத்தாவுக்குச் சென்றார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் வந்தது பட்டாசு.

திறந்த கதவு

காமிராவுக்குள் ஒரு கதவு இருக்கிறது. அதற்கு ஷட்டர் என்று பெயர். பகலில் படம் எடுத்தால், வினாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் திறந்தாலே போதும். இரவில் அதை நான்கு வினாடி, பத்து வினாடி என்று திறந்தே வைக்கலாம்.

அத்தனை நேரமும் உள்ளே விழும் ஒளி ஒரே படத்தில் சேரும். பறக்கும் பொறி, படத்தில் ஒரு கோடாகும். நூறு பொறிகள் பறந்தால் நூறு கோடுகள். அதுவே பூ!

பிரான்சு நாட்டு நீப்ஸ் என்பவர் 1827-ம் ஆண்டு வாக்கில் தம் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சியைப் படம் பிடித்தார். அதற்குப் பல மணி நேரம் ஆயிற்று. 1975-ல் கோடாக் கம்பெனியின் என்ஜினீயர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தார். ஒரு படத்தை நாடாவில் பதிக்க அதற்கு 23 வினாடி பிடித்தது. இன்று அந்த வேலை கண் இமைப்பதற்குள் முடிகிறது.

எடுப்பது எப்படி?

காமிராவைக் கையில் பிடிக்கக் கூடாது. முக்காலி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். கை சற்று ஆடினாலும் கோடு கலைந்துவிடும்.

பிளாஷ் விளக்கை அணைத்துவிட வேண்டும். வானத்து வெடிக்கு அது எட்டாது.

தூரத்தில் தெரியும் ஒரு விளக்கைப் பார்த்து முன்னதாகவே லென்சைத் திருப்பித் தெளிவு செய்துகொள்ள வேண்டும்.

ஐ.எஸ்.ஓ. எண் 100 இருக்கட்டும். லென்சின் துவார எண் 8 முதல் 11 வரை வைக்கலாம்.

‘பல்ப்’ என்ற அமைப்பில் வைத்தால், ரிமோட் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை கதவு திறந்திருக்கும். வாணம் சீறிக் கிளம்பும்போது அழுத்துங்கள். பொறி அணைந்ததும் விடுங்கள்.

காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். அப்போதுதான் புகை எதிர்ப்பக்கம் போகும்.

குழந்தைகளுக்கும் ஒரு வேடிக்கை உண்டு. காமிராவைப் பத்து வினாடி திறந்து வைத்து, கம்பி மத்தாப்பால் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுத்து படத்தில் விழும். ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும்! பிறகு படத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பக்கத்தில் பெரியவர் ஒருவரும், ஒரு வாளித் தண்ணீரும் அவசியம்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம். மஞ்சளுக்கு சோடியம். நீலத்துக்குச் செம்பு. வெள்ளைக்கு அலுமினியம். பச்சைக்குப் பேரியம். பட்டாசில் பேரியம் உப்பைச் சேர்க்கக் கூடாது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. 2021-ல் அதை மீண்டும் உறுதி செய்தது.

கோட்டுக்குப் பின்னால்

படத்தில் ஒவ்வொரு கோடும் ஒரு சிறு உருண்டை. தொழிலாளர்கள் அதை மணி மருந்து என்பார்கள். ஆணும் பெண்ணும் கையால் செய்து காயவைக்கும் பொருள் அது. சற்று உராய்ந்தாலும் தீப்பற்றும்.

2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. இருபதுக்கு மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். காலையில் வேலைக்குப் போனவர்கள், மாலையில் வீடு திரும்பவில்லை.

ஓர் அறையில் இத்தனை பேர், இத்தனை மருந்து என்று சட்டம் அளவு வைத்திருக்கிறது. அந்த அளவை மீறினால், ஓர் அறையின் தீ பல குடும்பங்களின் விளக்கை அணைத்துவிடும்.

வாணவெடிப் படம் வீட்டுச் சுவரில் அழகாக இருக்கும். அதைப் பார்த்துக் குழந்தை, “இந்தப் பூவை யார் செய்தார்கள்?” என்று கேட்டால், சாத்தூர்ப் பக்கத்து உழைப்பாளிகளைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.