பாரம் தள்ளும், பிரேக் தாங்குமா?
டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு ஒயரிங்கும் பிரேக்கும்



அது மாசி மாதத்து இரவு. விருத்தாசலத்திலிருந்து நம் கடைக்கு வரவேண்டிய அரிசி, 50 கிலோ மூட்டை அறுபது, ஒரு டிராக்டர் டிரெய்லரில் வந்துகொண்டிருந்தது. கருவேப்பிலங்குறிச்சி கூட்டு ரோட்டை நெருங்கும்போது குறுக்கே ஒரு மாடு வந்தது. டிரைவர் பிரேக்கை அமுக்கினார். டிராக்டர் நின்றது. பின்னால் இருந்த மூன்று டன் பாரம் நிற்கவில்லை. டிரெய்லர் கொக்கியில் மடங்கி ரோட்டின் குறுக்கே திரும்பியது. எட்டு மூட்டை கீழே விழுந்து சிதறியது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் இளைஞர், விளக்கே இல்லாமல் இருட்டில் நின்ற அந்த டிரெய்லரில் மோதிக் காலை முறித்துக்கொண்டார். சிந்திய அரிசியை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டோம். அந்தப் பிள்ளையின் காலை எந்தக் கணக்கில் எழுதுவது? கூடியிருந்தவர்களில் ஒரு பெரியவர், "சரக்கு யாருடையதுப்பா?" என்று கேட்டபோது நமக்குப் பதில் வரவில்லை.

அன்றைக்குத்தான் இந்த விஷயத்தை விசாரிக்கத் தொடங்கினோம். பட்டறைக்காரர்களிடமும் ஆட்டோ எலக்ட்ரீசியன்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் படித்ததையும் இங்கே தருகிறோம்.

இழுப்பது ஒன்று, நிறுத்துவது வேறு

"என் வண்டி இழுக்கும் சார், எவ்வளவு போட்டாலும் இழுக்கும்" என்று டிரைவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இழுக்கும், உண்மைதான். நிறுத்துமா என்பதே கேள்வி. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், அதன் பாரம் முழுவதையும் முன்வண்டியின் பிரேக்தான் தாங்க வேண்டும். பின்பாரம் முன்வண்டியைத் தள்ளும். ரோடு ஈரமாக இருந்தாலோ, திருப்பத்தில் பிரேக் பிடித்தாலோ இரண்டும் கத்தரிபோல் மடங்கிவிடும்.

ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். 750 கிலோ என்பது நம் கணக்கில் பதினைந்து மூட்டை அரிசி. அரவைப் பருவத்தில் சேத்தியாத்தோப்புக் கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிரெய்லர்களை நினைத்துப் பாருங்கள்!

டிரெய்லர் பிரேக்கில் பல வகை உண்டு. கனரக வண்டிகளில் காற்று பிரேக். ஐரோப்பாவில் சிறு டிரெய்லர்களுக்குத் 'தள்ளு பிரேக்'. பாரம் முன்னால் தள்ளும்போது கொக்கியே உள்ளே அமுங்கிப் பிரேக்கைப் பிடிக்கும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிக்கப் வண்டிகளின் பின்னால் போகும் டிரெய்லர்களில் பெரும்பாலும் மின்சார பிரேக். 1920களில் அமெரிக்காவில் வார்னர் என்பவர் தொடங்கிய கம்பெனி இதைப் பரப்பியது. நம் பக்கத்துப் பட்டறைகளில் இது அரிது. ஆனாலும் இதன் ஒயரிங்கைப் புரிந்துகொண்டால், நம் டிரெய்லரின் சாதாரண விளக்கு ஒயரிங்கில் எங்கே தவறு நடக்கிறது என்பதும் விளங்கும்.

மின்சார பிரேக் வேலை செய்யும் விதம்

சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். டிரம் அதை இழுத்துச் செல்ல, அதனோடு சேர்ந்த நெம்புகோல் பிரேக் ஷூவை விரிக்கும். மின்சாரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பிடிப்பு. எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்பதை டிரைவர் அருகில் உள்ள 'கன்ட்ரோலர்' பார்த்துக்கொள்ளும்.

கன்ட்ரோலருக்கு நான்கு ஒயர். ஒன்று பேட்டரியிலிருந்து நேராக வரும் கரண்டு. இரண்டாவது பேட்டரியின் நெகட்டிவுக்கு நேராகப் போகும் எர்த். மூன்றாவது பிரேக் லைட் சுவிட்சிலிருந்து வரும் செய்தி. நான்காவது டிரெய்லரின் காந்தங்களுக்குப் போகும் ஒயர். அமெரிக்க வழக்கப்படி இவை முறையே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம்.

இங்கே வணிகர் கணக்கு ஒன்று. ஒரு காந்தம் ஏறத்தாழ 3 ஆம்பியர் எடுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12 ஆம்பியர். பேட்டரியிலிருந்து கடைசிச் சக்கரம் வரை 8 மீட்டர் என்றால், போக வர 16 மீட்டர். விலை குறைவு என்று 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், 12 வோல்ட்டில் 3 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வீணாகிவிடும். ஓட்டைச் சாக்கில் சர்க்கரை ஏற்றியதுபோல்தான். அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் 1 வோல்ட்கூட நஷ்டமாகாது. ஒயரில் மிச்சம் பிடிக்கும் நூறு, இருநூறு ரூபாய் பிரேக்கில் போய்விடுகிறது.

இன்னொன்று. மின்சாரம் இல்லையென்றால் இந்தப் பிரேக்கும் இல்லை. அதனால்தான் டிரெய்லரிலேயே ஒரு சிறு பேட்டரியும், கம்பி கோத்த ஒரு சுவிட்சும் வைக்கிறார்கள். டிரெய்லர் கழன்று போனால் கம்பி சுவிட்சை இழுத்துவிடும்; பிரேக் தானே பிடிக்கும். இந்தக் கம்பியைக் கொக்கியில் மாட்டக்கூடாது, முன்வண்டியின் சேசிஸில்தான் மாட்ட வேண்டும். கொக்கியே கழன்றால் கம்பியும் அதோடு போய்விடும் அல்லவா?

வோல்டேஜையும் கவனிக்க வேண்டும். சிறிய பிக்கப் வண்டிகள் 12 வோல்ட். பெரிய லாரிகள் 24 வோல்ட். 12 வோல்ட் டிரெய்லரை 24 வோல்ட் லாரியில் மாட்டினால் பல்பும் போகும், காந்தமும் போகும்.

நம் டிரெய்லருக்கு உடனே செய்ய வேண்டியது

மின்சார பிரேக் நம் ஊருக்கு வரும்போது வரட்டும். விளக்கு ஒயரிங்குக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஏழு முனை சாக்கெட் போதும். ஐரோப்பிய முறையில் 1 இடது இண்டிகேட்டர், 2 பனி விளக்கு, 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது டெயில் லைட், 6 பிரேக் லைட், 7 இடது டெயில் லைட். ஆனால் அமெரிக்கச் சாக்கெட்டில் வரிசை வேறு. பட்டறைக்குப் பட்டறை ஒயர் நிறமும் மாறும். ஆகவே நிறத்தை நம்பாதீர்கள்; டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு முனையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாம் விசாரித்த எலக்ட்ரீசியன்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, பாதித் தொல்லை எர்த்தில்தான் என்பது. "இரும்போடு இரும்பு தொடுகிறதே, கொக்கி வழியாக எர்த் வந்துவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். துருவும் கிரீசும் சேர்ந்தால் கரண்டு திரும்ப வழியில்லை. பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? எர்த் சரியில்லை என்று அர்த்தம். அதற்குத் தனி ஒயர் போடுவதே சரி.

பிரேக் பல்பு ஒன்று 21 வாட். வண்டியில் இரண்டு, டிரெய்லரில் இரண்டு என்றால் 84 வாட், அதாவது 7 ஆம்பியர். அத்தனையும் முன்வண்டியின் சின்ன சுவிட்ச் வழியாகப் போனால் சுவிட்ச் கருகும். டிரெய்லர் விளக்குகளுக்கு ரிலேயும் தனி பியூசும் வைக்கச் சொல்லுங்கள். பியூஸ் போனால் கம்பியை முறுக்கிச் சொருகும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பாரம் ஏற்றுவதிலும் கணக்கு உண்டு. இரண்டு சக்கர டிரெய்லரில் மூட்டைகளை அச்சுக்குச் சற்று முன்னால் கனமாக அடுக்க வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்குவது நல்லது. பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் வாலாட்டும். விருத்தாசலத்துப் பீங்கான் சாமான் ஏற்றியவர்களுக்கு அந்த ஆட்டத்தின் விலை தெரியும்.

சட்டம் சொல்வது

1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனமே. அதற்கும் பதிவு உண்டு. இழுக்கும் வண்டியின் நம்பரை டிரெய்லரின் பின்னாலும் எழுத வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதை 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே, குட்டி யானையின் பின்னால் பட்டறையில் ஒரு கொக்கியைப் பற்றவைத்துக்கொண்டு டிரெய்லர் இழுக்கலாம் என்று எண்ணாதீர்கள். கம்பெனி இழுவைக்கு அனுமதிக்காத வண்டியில் எந்த ஒயரிங் செய்தும் பயனில்லை. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதும் அந்தக் கொக்கியைத்தான். இரண்டு நடை அடிப்பது எவ்வளவோ மேல்.

அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்தின்படி அபராதம் ரூ.20,000, கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. ஒரு நடையில் மிச்சம் பிடித்த வாடகை எங்கே, இந்தத் தொகை எங்கே?

சரக்கு ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

1. டெயில் லைட், பிரேக் லைட், இரண்டு இண்டிகேட்டர் எரிகின்றனவா? ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும்.
2. பின்புறம் சிவப்பு ரிப்ளெக்டர் இருக்கிறதா? தார்ப்பாய் அதை மறைக்கிறதா?
3. கொக்கியின் பின்னுக்குப் பூட்டு உண்டா? காப்புச் சங்கிலி உண்டா?
4. ஒயர் தரையில் உரசாமலும், திருப்பத்தில் இழுபடாமலும் இருக்கிறதா?
5. வழியில் நின்றால் பின்னால் வைக்க முக்கோண எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா?

இதற்கு ஐந்து நிமிடம் போதும். தராசைச் சரிபார்க்காமல் நாம் வியாபாரம் தொடங்குவதில்லை, இதுவும் அப்படித்தான்.

வண்டி நம்முடையதில்லை, வாடகை வண்டிதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வாடகை கொடுப்பவர் நாம். நாம் கேட்டால் வண்டிக்காரர் செய்வார். நாமும் இப்போது விளக்கு எரியாத டிரெய்லரில் இரவில் சரக்கு ஏற்றுவதில்லை. முதலில் இரண்டு வண்டிக்காரர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். பதினைந்து நாளில் விளக்குப் போட்டுக்கொண்டு அவர்களே திரும்பி வந்தார்கள். சங்கத்தின் ஒவ்வோர் உறுப்பினரும் இதையே செய்தால், நம் கூட்டு ரோட்டில் இன்னொரு பிள்ளையின் கால் முறியாது.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே வைப்போம். உறுப்பினர்கள் தவறாமல் வருக.